மாயாமாளவகௌளையில் தொடங்கியவர்

பிரம்மதேசம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சொந்தமாக மெட்டுக் கட்டியிருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாதிக் கடிதம் கோபமாக இருக்கிறது. பதினேழு வயதாகியும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம் என்றே வயலினைத் தேய்த்துக்கொண்டிருந்தால் பாட்டு எழுதுவது எப்போது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு ராகம் பாட வராது. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், படித்துத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். முத்துசுவாமி தீட்சிதர் எப்படித் தொடங்கினார் என்று பார்.

1775-இல் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமசுவாமி தீட்சிதர், அந்த ஊர்க் கோயிலில் எந்தச் சமயத்தில் நாகசுவரத்தில் என்ன வாசிப்பது என்று முறை வகுத்துக் கொடுத்தவர். ஹம்ஸத்வனி ராகமே அவர் உண்டாக்கியது என்பார்கள். அவ்வளவு பெரிய வித்வான் வீட்டிலும் மகனுக்குக் குறுக்குவழி கிடைக்கவில்லை. கீதம், பிரபந்தம், வீணை, கூடவே சமஸ்கிருத இலக்கணமும் காவியமும். ராகங்களை வகைப்படுத்தும் வேங்கடமகியின் மேள முறையை அந்த மரபில் வந்தவரிடமே கற்றவர் ராமசுவாமி. பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தார். கீதம் என்றால் சின்னப் பிள்ளைகள் பாடம் என்று நினைக்கிறாய். ஒரு ராகம் எங்கே நிற்கும், எங்கே வளையும், எந்தச் சுவரத்தைத் தொட்டுவிட்டு ஓடும் என்பதெல்லாம் அன்றைக்குக் கீதங்களில்தான் பதிந்து கிடந்தது.

உப்பளத்தில் உன் அப்பா செய்வதை நீ பார்த்திருக்கிறாய். தண்ணீரை நேராகக் கொண்டுபோய் உப்பு விளையும் பாத்தியில் விடுவதில்லை. வெளிப்பாத்தியில் தேக்கி, வெயிலில் கனக்கவிட்ட பிறகுதான் உள்ளே திறக்கிறார்கள். சாதகமும் அப்படித்தான்.

பிறகு குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலிக்குப் போனது. வெள்ளைக்காரர்களுக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த முதலியார் வீட்டு ஆதரவு அது. புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் ஒலிக்கும். முதலியார் இந்தப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் கேட்க வைத்தார். தம்பி பாலுசுவாமி அங்கே ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். நீ இன்று வாசிக்கிறாயே, அது நம் சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல்களில் அந்த வீடும் ஒன்று. அண்ணன் என்ன செய்தார்? அந்த அந்நிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சொல் போட்டார். நோட்டுஸ்வரம் என்கிறார்களே, அவைதான். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டுகூட அதில் உண்டு. பெரிய வித்வான் இதையெல்லாம் தொடலாமா என்று முகம் சுளித்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

சிதம்பரநாத யோகி என்பவர் அவரைக் காசிக்கு அழைத்துப்போனார். சில வருஷங்கள் அங்கே வேதாந்தமும் மந்திர உபாசனையும் கற்றார். வடநாட்டு சங்கீதமும் காதில் ஏறியது. பிற்காலத்தில் த்விஜாவந்தி, யமுனா கல்யாணி போன்றவற்றில் அவர் செய்த நிதானமான கிருதிகளில் அந்தக் காசி கேட்கிறது.

ஊர் திரும்பியவர் திருத்தணிக்குப் போனார். மலையில் ஒரு முதியவர் இவர் வாயில் கற்கண்டு போட, பாட்டு பிறந்தது என்று கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அந்தக் கற்கண்டு விழுந்த நாக்கு எத்தனை வருஷம் சாதகம் செய்த நாக்கு என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். முதல் கிருதி ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. என்ன ராகம் தெரியுமா? நீ சலித்துக்கொள்ளும் அதே மாயாமாளவகௌளை. எடுப்பே ஆரோகண அவரோகணத்தில் ஏறி இறங்குகிறது. எத்தனையோ ராகம் தெரிந்தவர் பாலபாடத்தின் ராகத்தையே எடுத்தார் என்றால், அவருக்கு அது சலிக்கவில்லை.

உனக்கு மணலி முதலியார் கிடையாது, சங்கீதம் தெரிந்த அப்பா கிடையாது. இந்த வாழ்க்கை வரலாற்றை நமக்கு எழுதிவைத்தவரும் தீட்சிதர் குடும்பத்தின் வாரிசு சுப்பராம தீட்சிதர்தான். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான புத்தகத்தில். வசதியும் வாய்ப்பும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே முத்துசுவாமி தீட்சிதரிடம் தஞ்சை நால்வரும், திருவாரூர் சுத்த மத்தளம் தம்பியப்பனும் கற்றார்கள். உனக்கு அந்த வாசல் இசைப்பள்ளியின் வடிவில் திறந்திருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் மாறிப் போகும் அலுப்பு இருக்கும்தான், போ.

இப்போதைக்குச் சொந்த மெட்டை நோட்டில் எழுதி ஓரமாக வை, கிழித்துப் போடாதே. பிறர் போட்ட மெட்டு ஒன்றை எடுத்து, அதற்குத் தமிழில் சொல் எழுதிப் பழகு. மெட்டு நீளும் இடத்தில் நெடில் விழ வேண்டும், வெட்டும் இடத்தில் வல்லினம் வர வேண்டும். கைக்கு வந்த பிறகு ‘ஸ்ரீநாதாதி’யை உன் ஆசிரியரிடம் கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்.

எழுதியதை எனக்கு அனுப்பு. குறில் நெடில் நான் பார்த்துச் சொல்கிறேன். சுருதி விஷயம் உன் ஆசிரியர் பாடு. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா