இணையம் இல்லாத ஆய்வகத்துக்கு ஒரு பேட்ச் சர்வர்

2022 ஜூலையில் ஒரு மாலை. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை வேளை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவன் மட்டும் கதவருகே நின்றான். "மிஸ், உங்க பாஸ்வேர்டு இல்லாமலேயே நான் ரூட் ஆயிட்டேன்" என்றான். "என்னடா சொல்ற?" என்றேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவனுடைய அண்ணன் பென்டிரைவில் கொடுத்த ஒரு சிறிய சி நிரலை, சாதாரண மாணவர் கணக்கிலிருந்தே இயக்கிக் காட்டினான். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தக் கணினியின் முழு அதிகாரமும் அவன் கையில் இருந்தது. இரண்டு பிரிவுகளின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை நான் தட்டச்சு செய்து வைத்திருந்ததும் அதே கணினியில்தான்.

எதையும் தொடவில்லை என்றான். அன்றிரவு பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. ஆனால் அவன் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒப்பிட்டே பார்த்திருக்க மாட்டேன்.

"ஆய்வகத்துல நெட்டே கிடையாதே டீச்சர், அப்புறம் எப்படி?" என்று தலைமையாசிரியர் கேட்டார். நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த 20 கணினிகளில் டெபியன் 11 லினக்ஸை நிறுவிய நாள் முதல் ஒரு புதுப்பிப்பும் போடவில்லை.

இணையம் இல்லாத இடத்துக்கு ஆபத்து கால்நடையாக வரும். இதற்கு 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் பெரிய சான்று. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் வெளி இணைப்பில்லாத கணினிகளைக் குறிவைத்த அந்தத் தீநிரல், பென்டிரைவ் வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டிருந்தது. நம் ஆய்வகங்களிலோ தினமும் நாற்பது பென்டிரைவ்கள் வந்து போகின்றன.

மாணவன் காட்டிய ஓட்டைக்கு 'டர்ட்டி பைப்' என்று பெயர்; பதிவு எண் சிவிஇ-2022-0847. அது இருந்த இடம் கெர்னல். வன்பொருளுக்கும் நாம் இயக்கும் நிரல்களுக்கும் நடுவில் இருந்து, யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று தீர்ப்பது கெர்னல்தான். ஒரு கோப்பைப் படிக்கும்போது கெர்னல் அதன் நகலொன்றை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. படிக்க மட்டுமே உரிமையுள்ளவர் அந்த நகலின்மேல் எழுதிவிட முடிந்ததுதான் பிழை. கடவுச்சொல் தொடர்பான கோப்பின் நகலை மாற்றினால் போதும், ரூட் ஆகிவிடலாம்.

இதைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் சொல்லலாம். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் கெல்லர்மனிடம், சுருக்கி வைத்த பதிவுக் கோப்புகள் கெட்டுப்போகின்றன என்று ஒரு புகார் வந்தது. கெட்ட கோப்புகளில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்குரியவை என்பதைக் கவனித்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே கெர்னல்வரை போனார். 2022 மார்ச் 7 அன்று அதை வெளியிட்டார். திருத்தமும் வந்துவிட்டது. திருத்தம் உலகத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியும் எங்கள் ஆய்வகத்துக்கு வரவில்லை.

முதலில் கெர்னல் தொகுப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போய் ஒவ்வொரு கணினியாக நிறுவினேன். இரண்டு மாலைகள் போயின. ஒரு கணினியை விட்டும்விட்டேன். அடுத்த மாதம் இன்னொரு திருத்தம் வந்தபோதுதான் இது நடக்கிற வேலையில்லை என்று புரிந்தது. ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருந்து, மற்றக் கணினிகள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அமைப்பு எளியதுதான். அலுவலகத்தில் பிராட்பேண்டு இருக்கிறது. அங்கே ஒரு பழைய கணினியில் 'டெப்மிரர்' என்ற நிரல், டெபியனின் முதன்மைத் தொகுப்பையும் பாதுகாப்புத் தொகுப்பையும் 1 டெராபைட் ஹார்டு டிஸ்கில் நகலெடுக்கிறது. எங்கள் கணினி வகைக்குரியவை மட்டும் போதும். மூல நிரல்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அளவு வெகுவாகக் குறையும். முதல் முறை நாள்கணக்கில் ஓடியது. பிறகு மாறியவை மட்டும்தான். அந்த டிஸ்கை ஆய்வகத்துக்கு எடுத்துச்சென்று சர்வரில் படியெடுக்கிறேன். சர்வரில் ஒரு சாதாரண வெப் சர்வர் நிரல் ஓடுகிறது. மற்றக் கணினிகளில், தொகுப்புகளை எங்கிருந்து பெறுவது என்று குறித்திருக்கும் கோப்பில் இந்தச் சர்வரின் முகவரியை எழுதியாயிற்று. கெர்னல் தொகுப்பு ஒன்று சுமார் 50 எம்பி. உள் வலையமைப்பில் இருபது கணினிகளுக்கும் நிமிடங்களில் போய்விடும்.

கேள்வி வேறு. அந்த ஹார்டு டிஸ்கை நம்பலாமா? நடுவில் யாராவது மாற்றியிருந்தால்?

பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியில் வந்தது, யார் தூக்கி வந்தார் என்பதை வைத்து அதை நம்புவதில்லை. உறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரிக்கிறோம். டெபியனும் அப்படித்தான். ஒவ்வொரு தொகுப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்சரம் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறாகிவிடும். அந்த எண்சரங்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. பட்டியலின் எண்சரம் இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, நிறுவிய நாளிலிருந்தே ஒவ்வொரு கணினியிலும் உள்ளது. ஆகவே வழியில் வந்த டிஸ்கையோ என் சர்வரையோ யாரும் நம்ப வேண்டியதில்லை. நம்ப வேண்டியது முதலில் நிறுவப் பயன்படுத்திய பிரதி ஒன்றைத்தான். அதை நான் அப்போது சரிபார்க்கவில்லை. பிறகுதான் எண்சரத்தை ஒப்பிட்டு மூச்சுவிட்டேன்.

கையொப்பப் பிழை வந்தால், 'இந்த இடத்தை நம்பு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பிழையை அடக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது முத்திரை பார்க்காமல் கட்டைப் பிரிப்பதற்குச் சமம்.

எட்டாம் நாள் எல்லாக் கணினிகளும் புதுப்பிக்க மறுத்தன. பட்டியல் காலாவதியாகிவிட்டது என்றன. டெபியன் பாதுகாப்புத் தொகுப்பின் பட்டியலுக்கு 7 நாள் கெடு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் நியாயம் புரிகிறது. முத்திரை உடையாத கட்டு, ஆனால் போன வருடத்து வினாத்தாள்! பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் காட்டி, புதிய திருத்தம் எதுவும் வரவில்லை என்று ஒருவர் நம்மை ஏமாற்றலாம். அதைத் தடுக்கத்தான் கெடு. கெடு பார்ப்பதையே நிறுத்திவிடும்படி ஓர் அறிவுரை எளிதாகக் கிடைக்கும். அதைவிட நல்லது, குறைந்தபட்சச் செல்லுபடிக் காலத்தை நாமே நீட்டுவது. அதற்கெனவே ஓர் அமைப்பு உண்டு. நான் மாதம் ஒருமுறை டிஸ்கைக் கொண்டுபோவதால் 45 நாள் வைத்தேன். அதை நொடியில் தர வேண்டும்: 45 × 86,400 = 38,88,000. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன், யாருக்காக என்று சொல்லியே. டர்ட்டி பைப் போல் பெரிதாக ஏதாவது வெளியானால் மாதக் கெடுவுக்குக் காத்திருப்பதில்லை.

ஒரே ஒரு கணினி மட்டும் இதற்கு நேர்மாறாக, பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று அடம்பிடித்தது. மதர்போர்டு பேட்டரி செத்து, அதன் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே நின்றிருந்தது. இணையம் இருந்தால் கணினி தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும், இங்கே வழியில்லை. புது பேட்டரி போட்டதோடு, எங்கள் சர்வரே மற்றக் கணினிகளுக்கு நேரம் சொல்லும்படியும் அமைத்தேன்.

இனி, நான் செய்த பெரிய தவறு. கெர்னல் திருத்தம் டிஸ்கில் இறங்கிவிட்டாலும், ஓடிக்கொண்டிருப்பது நினைவகத்தில் இருக்கும் பழைய கெர்னல்தான். மறுதொடக்கம் செய்தால்தான் புதியது ஓடும். மாணவர் கணினிகள் மாலையில் அணைந்து காலையில் எழுந்துவிடுகின்றன. என் மேசைக் கணினியில் நான் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிற பழக்கம். சரிபார்த்தபோது அது 63 நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் கோப்பு இருந்த அதே கணினி! எல்லாவற்றுக்கும் பேட்ச் போட்டுவிட்டதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியும் இருந்தேன். மறுநாள் போய்த் திருத்திச் சொன்னேன்.

மறுதொடக்கமே இல்லாமல் ஓடும் கெர்னலைத் திருத்தும் வசதியும் உண்டு. பிழையுள்ள செயற்கூறு அழைக்கப்படும்போது அதைத் திருத்திய செயற்கூறுக்குத் திருப்பிவிடுவார்கள். லினக்ஸ் கெர்னலில் இதற்கான அடிப்படை 2015இல் 4.0 பதிப்பில் வந்தது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், மூடிய வலையமைப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் லைவ்பேட்ச் சர்வரையும் தருகிறது. அணைக்கவே முடியாத கணினிகள் உள்ள இடங்களுக்கு அது தேவை. நான்கரை மணிக்கு மணி அடித்துவிடும் பள்ளிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. டர்ட்டி பைப் பிழை, 5.10 வரிசையில் 5.10.102இல் நீங்கியது. டெபியன் 11இல் அதே திருத்தம் 5.10.92-2 என்ற எண்ணில் வந்தது. "102 வேணும், நம்மகிட்ட 92தானே மிஸ் இருக்கு?" என்று அந்த மாணவனே கேட்டான். பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி வெளியிடுவது டெபியனின் வழக்கம். அந்தக் கடைசி '-2'தான் விஷயம். வழக்கமாக நாம் தட்டும் 'யூநேம் -ஆர்' அதைக் காட்டாது. 'யூநேம் -வி' காட்டும்.

அவனைத் தண்டிக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் சிலர் சொன்னார்கள். வந்து சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான் என்றேன். பென்டிரைவ் நிரலை ஆய்வகத்தில் இயக்கியது தவறு என்பதை அவனிடமும் மறைக்கவில்லை. சர்வர் அமைக்கும் நாள்களில் கேபிள் இழுப்பதிலிருந்து கூடவே இருந்தான்.

வகுப்பில் நாங்கள் செய்த சோதனை ஐந்து நிமிட வேலை. சர்வரில் உள்ள ஒரு சிறிய தொகுப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டு, இன்னொரு கணினியில் நிறுவச் சொன்னோம். எண்சரம் பொருந்தவில்லை என்று மறுத்தது. பிறகு நல்ல பிரதியைத் திரும்ப வைத்துவிடுங்கள்; நான் ஒருமுறை மறந்தேன். தொடக்க வகுப்புகளில் கணினியே வேண்டாம். ஒரு பிள்ளை நான்கு எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் சீட்டில் எழுத, தூது போகும் பிள்ளை ஓர் எண்ணை மாற்றட்டும். பெறுகிற பிள்ளை கண்டுபிடிக்கட்டும். கூட்டுத்தொகையையும் சேர்த்து மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று யாராவது ஒருவர் கேட்பார். கையொப்பம் எதற்கு என்பதை அப்போது தொடங்கலாம்.

இப்போது ஆய்வகச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை முதலில் ஒரே ஒரு கணினிக்குப் புதிய கெர்னல். அது ஒரு வாரம் ஓடிய பிறகு மற்றவற்றுக்கு. ஏதும் கோளாறானால் தொடக்கத் திரையில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால், முந்தையது ஒன்றை அழிக்காமல் வைக்கிறோம். கணினி எண், 'யூநேம் -வி' காட்டிய வரி, பார்த்த மாணவரின் கையெழுத்து. என் மேசைக் கணினி அதில் முதல் வரிசை.