நீலப் பெட்டியின் எடை

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். வெல்டிங் ரோபோ பக்கம் விடுவார்கள் என்ற நினைப்போடு போனவன் கையில் முதல் நாளே ஒரு தடித்த ஃபைல் வந்து விழுந்தது. "ஆடிட் வருதுப்பா. ஸ்டோர்ஸ் எஸ்.ஓ.பி. எல்லாம் பழசாயிடுச்சு. உட்கார்ந்து அப்டேட் பண்ணிடு" என்றார் மேலாளர். வேறு கம்பெனிகளுக்குப் போன நண்பர்கள் ரோபோ முன்னால் நின்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க என் ஸ்டேட்டஸ் காலியாகவே கிடந்தது.

எஸ்.ஓ.பி. என்பது ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதி, திருத்த எண்ணும் தேதியும் போட்டு, கையெழுத்து வாங்கி மாட்டி வைக்கும் தாள். கார் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுப்பவர்களிடம் பெரும்பாலும் ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் கேட்பார்கள். 2016-ல் வெளியான அந்தத் தரநிலைப்படி தணிக்கைக்கு வருகிறவர் தாளைப் படித்துவிட்டு நேராக வேலை செய்பவரிடம் போய், "இதை நீங்க எப்படிச் செய்வீங்க, காட்டுங்க" என்பார். தாளும் செயலும் ஒத்துப்போகாவிட்டால் குறை என்று எழுதிவிடுவார். ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் இருந்தது ஏழாவது திருத்தம். சுவரில் தொங்கியது மூன்றாவது. குறை எழுத அதுவே போதும்.

நான் செய்த முதல் தப்பு, மேலாளர் சொன்னபடி உட்கார்ந்தது. பழைய தாள்களை ஏ.சி. அறைக்குக் கொண்டுபோய், கல்லூரியில் படித்த ஃப்ளோசார்ட் குறிகளையெல்லாம் போட்டு, துறைக்கு ஒரு நிறம் கொடுத்து, பதினான்கு பக்கம் தயாரித்தேன். பாராட்டுக்கூடக் கிடைத்தது. பிரிண்ட் எடுத்து ஸ்டோர்ஸில் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், பாகங்களில் கீறல் விழாமலிருக்க அடுக்குக்கு அடுக்கு என் பக்கங்களை விரித்து வைத்திருந்தார்கள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பதினான்கு பக்கத்தால் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மறுநாள் காலை கேட்டில் போய் நின்றேன். உள்ளே வரும் ஒரு லோடைப் பிடித்துக்கொண்டு, அது அசெம்ப்ளி லைனுக்குப் போய்ச் சேரும்வரை கூடவே நடப்பது என்று முடிவு. பழைய தாளில் பதினோரு படிகள். நான் எண்ணியது இருபத்தாறு. கேட்டில் நடப்பதற்குத் தாளில் இருந்தது ஒரே வரி: 'ஆவணங்களைச் சரிபார்க்கவும்.' ஆனால் செக்யூரிட்டி அண்ணன் லாரி நின்றதும் இ-வே பில்லின் தேதியைத்தான் முதலில் பார்த்தார். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது அதன் கணக்கு. புனேயிலிருந்து வரும் லோடுக்கு ஐந்து நாள். அதற்குப் பிறகுதான் இன்வாய்ஸில் இருக்கும் வண்டி எண், பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாம். 'சரிபார்க்கவும்' போலச் சோம்பேறித்தனமான சொல் எஸ்.ஓ.பி.யில் வேறு கிடையாது. எதை, எதோடு, ஒத்துவராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்றும் இல்லாமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

இரண்டாவது வாரத்தில்தான் ஸ்டோர்ஸ் அண்ணனின் நோட்டைப் பார்த்தேன். கான்ட்ராக்டில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவர். அழுக்கேறிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எப்போதும் சட்டைக்குள் செருகி வைத்திருப்பார். 'பெங்களூரு பிளேட்டிங் - பத்து ரூபாய் சரக்கானாலும் பில்' என்று அதில் ஒரு வரி. எங்கள் தாளிலோ, 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் மட்டும் இ-வே பில் போடவும் என்று இருந்தது. பொதுவிதி அதுதான், ஆனால் பிளேட்டிங் போன்ற வேலையை வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்குக்காக மாநில எல்லை தாண்டி அனுப்பும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவானாலும் பில் கட்டாயம். ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியே கர்நாடகம், கூப்பிடு தூரம்! தாளை நம்பி ஒருவர் வண்டியை அனுப்பியிருந்தால் வழியில் மாட்டியிருப்பார்.

அடுத்த பக்கத்தில் வெறும் தேதிகள். பிளேட்டிங்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றுவிட்டதாகக் கணக்கிட்டு ஜி.எஸ்.டி. கேட்பார்கள். இந்தக் கெடுவை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தேன். அக்கவுன்ட்ஸில் ஸ்டோர்ஸ் என்றார்கள், ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பர்ச்சேஸ் என்றார், பர்ச்சேஸில் சிரித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் அண்ணன் ஒருவர்தான். அதுவும் யாரும் சொல்லாமல்.

அதே நோட்டில் 'புது நீலம் 180 கூட்டு' என்று ஒரு வரி. அதன் அர்த்தம் புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஸ்டீல் புஷ்களை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பெட்டியோடு தராசில் வைத்து, பெட்டியின் எடையைக் கழித்து, ஒரு புஷ்ஷின் எடையான 12 கிராமால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். காலிப் பெட்டியை வைத்து டேர் பொத்தானை அழுத்து, பிறகு பாகங்களைப் போடு என்கிறது தாள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து லைனிலிருந்து திரும்பும் பெட்டியில் மிச்சப் பாகங்கள் ஏற்கெனவே கிடக்கும். அதைக் கொட்டி, காலிப் பெட்டியை நிறுத்து, மறுபடி அள்ளிப் போட யாருக்கும் நேரமில்லை. அதனால் பெட்டி எடை 1.62 கிலோ என்று தராசிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். இடையில் புதிதாக வந்த நீலப் பெட்டியின் எடையோ 1.80.

அந்த 180 கிராம், பதினைந்து புஷ். இரவு ஷிஃப்டில் மாதம் 40 நீலப் பெட்டி திரும்பினால் 600 புஷ் காற்றிலேயே பிறந்துவிடும். கணக்கில் இருக்கும், கையில் இருக்காது. பகலில் அண்ணன் பெட்டி எடையில் அந்த 180-ஐக் கூட்டி மனக்கணக்காகவே கழித்துவிடுவதால் சரியாக இருந்தது. இரவில் இருப்பவர்களுக்கு அவர் நோட்டைப் பற்றித் தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டாக் உதைத்ததும் "திருட்டு" என்றுகூடப் பேச்சு கிளம்பியதாம்.

இதைச் சரிசெய்ய நான் ஒரு பக்கமும் எழுதவில்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அதன் எடையை ஸ்டென்சில் வைத்துப் பெயின்டில் எழுதினோம். முடிக்க நான்கு நாளானது. கையும் சட்டையும் வெள்ளை பெயின்ட்.

மற்ற வேலைகளுக்குத் தாள் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-க்கும் 1945-க்கும் இடையில், புது ஆட்களைச் சீக்கிரம் வேலைக்குப் பழக்க அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஐ. என்றொரு பயிற்சித் திட்டம் நடந்தது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் வேலைமுறைக்கும் ஒரு வேரானது. அதன் இன்றைய வடிவத்தில் ஒரு வேலையை மூன்று பத்தியில் பிரிப்பார்கள்: என்ன செய்ய வேண்டும், அதில் எதைக் கவனிக்க வேண்டும், ஏன். எங்கள் பழைய தாள்களில் முதல் பத்தி மட்டும்தான் இருந்தது. அண்ணன் நோட்டில் இருந்ததோ மற்ற இரண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளையும் நோட்டையும் சேர்த்தேன். ஒரு வேலைக்கு ஒரே பக்கம், பெரிய எழுத்தில் தமிழ், பாதி இடத்துக்குப் போட்டோ. போட்டோ எடுக்குமுன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் எடுத்து, செக்யூரிட்டி அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதியதை மேலாளரிடம் கொடுக்குமுன், ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பையனிடம் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் பேச்சு கொஞ்சம் புரியும், எழுத்து தெரியாது. போட்டோவை மட்டும் பார்த்து வேலையைச் செய்தான். மூன்றாவது படத்தில் முழுப் பெட்டியைத் தராசில் வைத்து டேரை அழுத்த, எண் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. தப்பு அவனுடையதல்ல: நான் போட்டிருந்த படத்தில் பெட்டி நிறைந்திருந்தது. நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்பது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்று. மூன்றாவது வாரம் டீ நேரத்தில் அண்ணன் கேட்டார்: "தம்பி, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?" அவருக்குச் சொல்லப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அவர் தலையில் இருப்பதுதான் பாதுகாப்பு. அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க சரின்னு சொல்லாம ஒரு பக்கமும் மேல போகாதுண்ணா" என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு தாளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏழு இடத்தில் திருத்தினார். இரண்டு பக்கங்களை வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

கடைசி வாரம், எட்டாவது திருத்தத்தின் தாள்களில் 'தயாரித்தவர்' கட்டத்தில் அவர் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். சிஸ்டம் ஏற்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு நிரந்தர ஊழியர் எண் வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் கிடையாது, இன்டர்னுக்கும் கிடையாது. இன்சார்ஜின் பெயர் போய் உட்கார்ந்தது. குறிப்புக் கட்டத்தில் எண் கேட்கவில்லை. அங்கே அண்ணனின் பெயரையும் பன்னிரண்டு வருஷ அனுபவத்தையும் எழுதிவிட்டு வந்தேன். நீங்கள் போகிற இடத்தின் படிவத்திலும் அப்படி ஒரு கட்டம் இருக்கும். முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.