சின்னவனுக்குப் பெரியப்பா எழுதுவது

கும்பளங்கி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எழுத வந்ததைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ "ம், ம்" என்று போட்டுக்கொண்டே வேறு எதையாவது தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் பாதியாவது படிப்பாய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உன் அம்மா கூப்பிட்டாள். அழவில்லை, ஆனால் குரல் சரியில்லை. நீ எறணாகுளம் போய்த் தலையில் விக் பேட்ச் ஒட்டிக்கொண்டு வந்தாயாம், தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லையாம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் ரேலிக்கும் அதோடுதான் போவேன் என்கிறாயாம். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளிடம் சண்டைக்குப் போகாதே. என்னை விட்டால் அவளுக்கு யாரிடம் சொல்ல இருக்கிறது?

உன் தலை, உன் முடி. வைக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டொரு விஷயத்தை யோசித்துப் பார்த்துவிட்டு நீயே முடிவெடு.

முதலில், நீ விக்கால் மறைக்கிற அந்தப் புழுவெட்டு. அது வழுக்கை இல்லை. உடம்பின் காவல் சக்தியே முடி வேரைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவதால் வருவது. சின்னதாக இருந்தால் பலருக்குத் தானாகவே முடி முளைத்துவிடும். முளைக்காவிட்டால் தோல் டாக்டர் அந்த இடத்திலேயே ஊசி போடுவார். நீயோ சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கி, அதன் மேலே பசையும் டேப்பும் ஒட்டி மூடி வைத்திருக்கிறாய். உள்ளே முளைக்கிறதா பரவுகிறதா என்று உனக்கே தெரியாது.

நம் மாப்பிள்ளை, பட்டாள அதிகாரிகளை எடுக்கும் என்.டி.ஏ. அறிவிக்கையின் மருத்துவப் பகுதியை எடுத்துப் படித்துக் காட்டினார். அதில் புழுவெட்டைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. தலையில் ஒரே இடத்தில், 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பல இடத்தில் இருந்தாலோ, தழும்பு விழுந்திருந்தாலோ கிடையாது. அது அதிகாரிகளுக்குத்தானே என்பாய். சிப்பாய்க்கும் டாக்டர் பார்ப்பது அதே தலையைத்தான். "ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும்" என்றாள் உன் அம்மா. எந்தக் காசு என்று கேட்டேன், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் கணக்கு அங்கேதான் இருக்கிறது. 2011-இல் வந்த காசு 22 மில்லிமீட்டர், 2019-இல் வந்தது 20. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார். எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியின் தோல் ஓ.பி.யில் சீட்டு எடுத்தால் அவர்களே அளந்து சொல்லிவிடுவார்கள். இப்போதே தெரிந்தால் வைத்தியத்துக்கு நாள் இருக்கிறது. உனக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது, ஒரு ரேலி போனாலும் இன்னொன்று வரும். பட்டாள டாக்டர் முன்னால் சட்டையோடு சேர்த்து அதையும் கழற்றி வைக்கும்போது தெரிந்தால்?

மருத்துவத்துக்கு முன்னால் ஓட்டம் இருக்கிறது. 1.6 கிலோமீட்டர், பிறகு பீம், 9 அடிப் பள்ளம். வியர்வையில் டேப் வழுக்கி, கூட ஓடுகிறவன் காலடியில் உன் முடி விழுந்து கிடந்தால் அந்த மைதானமே சிரிக்குமடா. போட்டோவையும் நினைத்துப் பார். அட்மிட் கார்டில் ஒரு தலை, வாசலில் இன்னொரு தலை. கைரேகை, ஆதார் என்று எல்லாம் சரிபார்க்கிற காலம் இது. சொல்லி விளங்க வைப்பதற்குள் பின்னால் நிற்பவன் உள்ளே போயிருப்பான்.

விக் என்றாலே வாசலில் நிற்பவனுக்கு இப்போது சந்தேகம். 2019-இல் நம் நெடும்பாசேரியிலேயே ஒருத்தன் தலையின் நடுவைச் சிரைத்து, ஒரு கிலோவுக்கு மேல் தங்கத்தை வைத்து, மேலே விக்கை ஒட்டிக்கொண்டு இறங்கி மாட்டினான். 2021-இல் உத்தரப் பிரதேசத்து சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சையில் விக்குக்குள் வயரும் காதுக்குள் கருவியுமாக ஒருத்தன். உன் விக்கில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிய்த்துப் பார்க்கிறவனுக்குத் தெரியுமா? அமெரிக்கப் பட்டாளத்தில் வழுக்கையை மறைக்க ஆண்கள் விக் வைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறதாம். நீ அங்கே போய்ப் பிறக்கவில்லையே.

இனிமேல்தான் விஷயம். உன் அப்பா இருந்திருந்தால், "அண்ணன் ஆரம்பிச்சுட்டார்" என்று எழுந்து போயிருப்பான்.

நம்மைக் கொச்சிக்குக் கொண்டுவந்ததே பட்டாள உடுப்புதான். டச்சுக்காரன் 1663-இல் கொச்சியைப் பிடித்தான். தன் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத்தான் நம் ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தான். 1795-இல் இங்கிலீஷ்காரன் வந்தான். எஜமானும் உடுப்பும் மாறியதே தவிர, நாம் இறங்கி நின்ற குளம் மாறவில்லை. 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ., வெளி என்ற இடத்தில் தோபிகானா கட்டிக் கொடுத்த பிறகுதான் ஆளுக்கொரு தொட்டி என்று ஆனது. காக்கியை ஊற வைத்து, காலர் அழுக்கை விரலால் தேய்த்து எடுத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, கிளிப் இல்லாமல் இரட்டைக் கயிற்றின் முறுக்குக்குள் ஓரத்தைச் செருகிக் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்தால் கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அப்படி நிற்காவிட்டால் உன் தாத்தா என் காதைத் திருகுவார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நானும் போவேன். எந்த முகாம் என்று வேண்டாம். காவலுக்கு நிற்பவன் மூட்டையைக் கம்பால் குத்திப் பார்ப்பான், எங்கள் கண்ணெதிரே வெள்ளை வெளேரென்ற சட்டையில் கறை விழும். சட்டை உள்ளே போகும், தாத்தா வாசலோடு சரி. ஒருமுறை ஒரு பித்தளைப் பொத்தான் குறைகிறதென்று அந்த வாரக் கூலியையே பிடித்துக்கொண்டார்கள். பொத்தான் எங்கள் வீட்டில் எதற்கு? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை தலைமுறை வெளுத்திருக்கிறோம் என்று நீயே எண்ணிப் பார். நம் வீட்டில் ஒருத்தன்கூட அந்த உடுப்பைப் போட்டதில்லை. நீ போடுவாய் என்று நான் இருக்கிறேன். நீ என்னடாவென்றால் மயிருக்குப் பயந்து நிற்கிறாய்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தக் காலத்துத் துரைமாரும் விக்கோடுதான் சுற்றினார்கள், மாவு தூவிய விக், இந்தக் கொச்சி வெயிலில்! அது சரியாக உட்காருவதற்காகச் சொந்த முடியைச் சிரைத்துக்கொள்வார்களாம். உனக்கோ பட்டாளமே காசில்லாமல் ஒட்ட வெட்டிவிடப் போகிறது. சேர்ந்த முதல் வாரம் எல்லாத் தலையும் ஒரே மாதிரி. அப்புறம் இன்னொன்று, திருப்பதியில் இறக்கிய முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது, அதிலிருந்துதான் எத்தனையோ விக் பிறக்கிறது. உன் தலையில் இருப்பது எந்தப் புண்ணியவதியின் நேர்த்திக்கடனோ! ஃபகத் ஃபாசிலைப் பார், நெற்றி ஏறிய தலையோடுதான் நாயகனாக நிற்கிறார். நம் கும்பளங்கி பேரை வைத்த படத்தில் அவருக்கு முடிதிருத்துகிறவன் வேஷம் வேறே.

அக்னிவீரில் நான்கு வருஷம் கழித்து நாலில் ஒருத்தனைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவன் திரும்பி வந்து என்ன செய்வான் என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். நியாயமான கவலை. ஆனால் முதல் வருஷமே மாதம் 30,000 சம்பளம். அதில் 30 சதவீதம் பிடித்து, சர்க்காரும் அதே அளவு போட்டு, வட்டியும் சேர்ந்து, முடியும்போது சேவா நிதியாகப் பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட வரும். இருபத்து மூன்று வயதில் யார் கையில் அவ்வளவு இருக்கிறது?

போக வேண்டாம் என்று நீ முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதமே. நம் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் படுக்கை விரிப்பு அனுப்புகிறார்கள், அதை வெளுக்கலாம், மழைக்காலத்தில் மூன்று நாள் காயாது, பரவாயில்லை. முதுகுவலிக்குத் தைலம் நான் தருகிறேன். உன் விருப்பம்.

போவதென்றால் விக்கைக் கழற்றிவிட்டு, ஒட்ட வெட்டிக்கொண்டு, அந்தத் தலையோடு போட்டோ எடுத்து அனுப்பு. படிவத்தில் நோய் பற்றிக் கேட்டால் உள்ளதை எழுது. மறைத்து உள்ளே போய், பிறகு தெரிந்து திருப்பி அனுப்பினால், அந்த வாசலில் இன்னொரு தடவை நம் வீட்டு ஆள் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன் போல. கோபித்துக்கொள்ளாதே கண்ணு. சின்ன வயதில் உன்னைப் போல அழகான பிள்ளை நம் தெருவிலேயே இல்லை, இப்போதும்தான். பெரியம்மாவும் அதையே சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வா. காலையிலேயே வந்தால் வலைக்காரனிடம் கரிமீன் வாங்கி வைக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் பொரிக்கச் சொல்கிறேன். பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ பிடி, காசு நான் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேட்ச் ஒட்ட நீ வாங்கின கடனில் பாதியை நான் அடைக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. விக்கோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, வந்து சேர்.

அன்புடன்,
பெரியப்பா