கூரைத்துணியும் தரைவிரிப்பும்

அம்பாசிடர் கார் 2014 வரை வங்கத்து உத்தரபாராவில் உருவானது. கோலார் தங்கவயல் மைசூர் மைன்ஸில் உள்ள எங்கள் பழைய அம்பாசிடருக்குக் கூரைத்துணியையும் தரைவிரிப்பையும் நானே மாற்றினேன். தொழில் பழகாதவரும் செய்யலாம். வரிசை மட்டும் மாறலாகாது.

முதலில் கூரை; பசையும் தூசியும் கீழே சிந்துமல்லவா? இருக்கைகளைக் கழற்றுக. துணியைத் தாங்கும் வளைகம்பிகளுக்கு முன்னிருந்து எண்ணிடுக. பழைய துணியைக் கிழிக்கவேண்டா. புதியதை வெட்ட அதுவே அளவு. நடுவிலிருந்து இருபுறமும் இழுத்து ஒட்டினால் சுருக்கம் விழாது.

பின்னர் தரை. விரிப்பின் அடியில் சயனைடு மேட்டுப் புழுதி படிந்திருந்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டும் காற்று அதனைக் கொணர்கிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்க. புழுதி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரம் துருவை வளர்க்கும். நீர் கசியும் இடத்தை அடைத்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசிக் காய்ந்த பின்பே புது விரிப்பு. தகடு உளுத்துப்போனால் எந்த விரிப்பும் காலைத் தாங்காது!