திருகோணமலைக்கு உதவ வருகிறவர்களுக்கு

புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்ததும் திருகோணமலையில் இருக்கும் எங்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். டொரன்டோவிலிருந்து சித்தப்பா மகன், லண்டனிலிருந்து பள்ளிக்கூடத் தோழி, சென்னையிலிருந்து முன்பின் தெரியாத ஓர் இளைஞர். "லீவு எடுத்துவிட்டேன். எங்கே வந்து இறங்க வேண்டும், சொல்லுங்கள்." 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் அப்படித்தான். மலைநாட்டில் பெய்த மழை மகாவலி வழியாகக் கொட்டியாரக் குடாவை நோக்கி இறங்கியது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து ஊர்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அழைத்த எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: கட்டாயம் வாருங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு கிணறு காரணம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது சாம்பல்தீவில் என் மாமி வீட்டுக் கிணற்றுக்குள்ளும் கடல்நீர் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் மூன்று குழுக்கள் அந்த வளவுக்கு வந்தன. மூன்றும் வாட்டர் பம்ப் வைத்துக் கிணற்றை அடிமட்டம் வரை இறைத்தன. முதல் குழு வந்துபோனது இரண்டாவது குழுவுக்குத் தெரியாது. மாமிக்கோ வந்தவர்களைத் தடுக்க மனமில்லை. எங்கள் கரையோர மணலில் மழைநீர் ஒரு மெல்லிய படையாக, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் மேலிருக்கும் நன்னீர் போய்விடும், கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். கிழக்குக் கரை நெடுக இது நடந்தது. பிறகு நீரியல் ஆய்வாளர்கள் வந்து அளந்து பார்த்து, குப்பையை அகற்றி ஒருமுறை மெதுவாக இறைத்துவிட்டு மழைக்காகக் காத்திருங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அதற்குள் பல கிணறுகளில் உப்பு கூடிவிட்டது, சிலவற்றின் சுவர் உள்ளே சரிந்துவிட்டது. இறைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேட்கும் வேலையைப் பற்றியதே.

முதலில், உங்களுக்குத் தெரிந்த தொழிலை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "எதுவானாலும் செய்வேன்" என்பது நல்ல மனம். ஆனால் முகாம் நடத்துகிறவருக்கு அது ஒரு வேலையைக் குறைக்காது, ஒன்றைக் கூட்டும். சேறு அள்ளவும் சமைக்கவும் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் கூலி இழந்த அவர்களுக்கு அந்த வேலைக்குக் காசு கொடுத்தால் அதுவே பெரிய உதவி. வெளியிலிருந்து வேண்டியவர்கள் வேறு வகை: தண்ணீர்ப் பொறியாளர், மின்சாரம் தெரிந்தவர், படகு எஞ்சின் திருத்துகிறவர், தாதி, பிசியோதெரபி தெரிந்தவர், கணக்காளர். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசி எழுதத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் அவரை எந்த அலுவலகமும் விடாது. நிவாரணப் படிவங்கள் பிழையாக நிரப்பப்பட்டதால் நட்டஈடு கிடைக்காமல் போன குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். கணக்காளர் ஒருவர் ஒரு மாதம் இருந்து அந்த வேலையைச் செய்தால் ஐம்பது பேர் மண்வெட்டியோடு வந்ததைவிட மேல்.

அடுத்த படி உங்கள் ஊரிலேயே தொடங்குகிறது, அதுவும் அனர்த்தம் வருமுன். செஞ்சிலுவைச் சங்கம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. கனடாவில் இருந்தால் கனடிய செஞ்சிலுவையில், பிரிட்டனில் இருந்தால் பிரிட்டிஷ் செஞ்சிலுவையில் பெயர் பதிந்து, முதலுதவிப் பயிற்சி எடுத்து, பட்டியலில் இருக்க வேண்டும். அவர்கள் இலங்கைச் செஞ்சிலுவையின் வேண்டுகோளின் பேரில்தான் ஆள் அனுப்புவார்கள். ஜெர்மனியின் பொன் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தொண்டர் அமைப்பு 18 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்கிறது. களத்துக்கு அனுப்பினால் வாழ்க்கைப்படியும் கொடுக்கும். வீட்டிலிருந்தபடி இணையத்தில் செய்யும் வேலைகளும் அதனிடம் உண்டு.

மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தகுதி தெரியாத மருத்துவக் குழுக்கள் வந்து குவிந்ததைப் பார்த்த பிறகு உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களுக்கு வரையறை வகுத்தது. தனி மருத்துவராகப் பெட்டியோடு வருவதைவிட அப்படியான ஒரு குழுவில் சேருங்கள். இலங்கையில் நோயாளியைத் தொட இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். டித்வாவுக்குப் பின் ஜப்பானிய மருத்துவக் குழு சிலாபத்திலும், இந்திய இராணுவத்தின் கள மருத்துவமனை மகியங்கனையிலும் இயங்கின. இலங்கை அரசு சம்மதித்து இடம் காட்டிய பிறகே அவை கூடாரம் அடித்தன. ஓர் அரசின் குழுவே இப்படி வருகிறது என்றால் தனியாள் எப்படி வர வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது படிதான் கடினமானது: இங்கே உங்களைப் பொறுப்பேற்க ஓர் அமைப்பைப் பிடிப்பது. அதற்கு இந்த மாவட்டம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. அதன் மாவட்டப் பிரிவு கச்சேரியோடு, அதாவது மாவட்டச் செயலகத்தோடு, சேர்ந்து இயங்குகிறது. நாட்டுக்குள் வந்துவிட்டால் 117 என்ற எண்ணில் அவர்களைப் பிடிக்கலாம். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றின் கீழே கிராம உத்தியோகத்தர், அதாவது நாங்கள் ஜீ.எஸ். என்று கூப்பிடுகிறவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்கு உலர் உணவு கிடைத்தது, எந்தக் குடும்பம் விடுபட்டது என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கும். அவருக்குத் தெரியாமல் ஓர் ஊருக்குள் எதையும் பகிராதீர்கள்.

உங்களை ஏற்கும் அமைப்பு செஞ்சிலுவையின் மாவட்டக் கிளையாக இருக்கலாம், 1958இல் ஏ.டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயமாக இருக்கலாம், உங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கமாகவும் இருக்கலாம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி வழிதான் பெரும்பாலும் திறந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த அமைப்பானாலும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசியச் செயலகத்திலோ மாவட்ட, பிரதேச செயலகத்திலோ பதிவு உண்டா என்று கேளுங்கள். பிறகு ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன வேலை, எந்த ஊரில், எத்தனை வாரம், யாருக்குக் கீழே, தங்குவது எங்கே. இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வராதவரை டிக்கெட் எடுக்காதீர்கள். பெருந்தொகை கட்டினால் பேரிடர்ப் பகுதிக்குக் கூட்டிப்போகிறோம், அநாதைப் பிள்ளைகளோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று அழைக்கும் நிறுவனங்களை நம்பாதீர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது மறுபடியும் ஓர் இழப்பு.

விசா விஷயத்தில் எங்கள் ஆட்கள் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கும் வேலை செய்யக்கூடாது, சம்பளமில்லாமலும் செய்யக்கூடாது. ஏற்கும் அமைப்பின் மூலம் உரிய விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பயணக் காப்புறுதி எடுக்கும்போது பேரிடர்ப் பகுதியில் தொண்டு வேலை செய்வதற்கு அது பொருந்துமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எப்போது வருவது? எங்கள் மாவட்டத்தில் புயலும் வெள்ளமும் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில் வருகின்றன. முதல் இரண்டு வாரம் மீட்புப் படையினருக்கும் ஊர் இளைஞர்களுக்கும் உரியது. அப்போது வீதிகளும் பாலங்களும் அறுந்து கிடக்கும், இருக்கிற அறைகளும் வாகனங்களும் அவர்களுக்கே போதாது. சுனாமி நேரத்தில் கிண்ணியாவுக்குப் பாலம்கூட இல்லை, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். அலையில் கிண்ணியா வைத்தியசாலை அழிந்துபோய், காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஒவ்வோர் இடமும் உயிரின் விலை. 396 மீட்டர் நீளப் பாலம் 2009இல்தான் வந்தது. தை பிறந்து மழை விட்ட பிறகு, மாசியிலிருந்து ஆவணி வரை, வேலை செய்ய நிலமும் வீதியும் இடம் கொடுக்கும். கமரா வைத்திருந்தவர்கள் போய்விட்டிருப்பார்கள், நன்கொடையும் குறைந்திருக்கும். வீட்டுக்குக் கூரை போடுவது, வயலில் படிந்த மணலை அகற்றுவது, வாய்க்காலைத் திருத்துவது, பிள்ளைகளுக்குத் தவறிய பாடங்களைச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். மூன்று மாதம் இருக்க முடிந்தவர்கள் வாருங்கள். பத்து நாள்தான் லீவு என்றால் அந்த டிக்கெட் காசை அனுப்பிவிடுங்கள். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்தவர்கள் உண்டு. ஆனாலும் இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

புறப்படுமுன் ஏற்புத் தடுப்பூசி, ஹெபடைட்டிஸ் ஏ, டைபாய்டு பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலும் டெங்குவும் வரும். சேற்றிலோ வயலிலோ இறங்கும் வேலை என்றால், எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ பீ.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கள். உயரமான பூட்ஸ், நுளம்பு வலை, டோர்ச், உங்களுக்கு வேண்டிய மருந்து. அவ்வளவு போதும். மற்றதைத் திருகோணமலைக் கடைத்தெருவில் வாங்குங்கள், கடைக்காரரும் வெள்ளத்தில் அடிபட்டவர்தான்.

பெட்டி பெட்டியாகப் பழைய உடுப்பும் மருந்தும் கொண்டுவராதீர்கள். சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சேயில் கணக்கெடுத்தபோது நன்கொடையாக வந்த மருந்து சுமார் 4,000 டன். பெரும்பகுதியின் மேல் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதியிருந்தது. பயன்படாதவற்றை அழிப்பதற்கே தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

வந்து சேர்ந்ததும் முதல் இரண்டு நாள் வேலை செய்யாதீர்கள். ஜீ.எஸ்., பள்ளி அதிபர், கோயில் தர்மகர்த்தா, பள்ளிவாசல் நிர்வாகத்தினர், விகாரைத் தேரர், மாதர் சங்கத் தலைவி, மீனவர் சங்கக்காரர் என்று ஒவ்வொருவராகப் போய் இருந்து கேளுங்கள். மூதூர், கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை நண்பகலில் வேலை வைக்காதீர்கள். முகாமில் பெண்களின் தேவைகளைப் பெண்கள்தான் கேட்க வேண்டும். முகாமில் சமைத்த சாப்பாட்டை நீங்கள் சாப்பிடாதீர்கள், உங்கள் சாப்பாட்டுக்கு நீங்களே ஒழுங்கு செய்யுங்கள். வரிசையில் நிற்கும் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருக்கிறோம். வெள்ளம் வெருகலையும் மூதூரையும் சேருவிலவையும் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தின் காசு உங்கள் ஊருக்கு மட்டும் என்றால், பக்கத்து ஊருக்கு யார் என்ன செய்கிறார்கள் என்றாவது விசாரித்து இரண்டையும் இணையுங்கள். ஒரு வீதியின் இந்தப் பக்கம் இரண்டு தண்ணீர்த் தாங்கியும் அந்தப் பக்கம் ஒன்றுமில்லாமலும் இருந்தால், நீங்கள் போன பிறகு அந்த மனக்கசப்பு இங்கேயே தங்கிவிடும்.

வர முடியாதவர்களுக்கும் உண்மையான வேலை உண்டு. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிக்கும் தொண்டர் குழு உலகம் முழுவதும் இருக்கிறது. சில மணி நேரப் பழக்கம் போதும், அந்த வரைபடத்தை மீட்புக் குழுக்கள் பயன்படுத்துகின்றன. எச்சரிக்கை அறிவித்தல்களைத் தமிழில் பிழையில்லாமல் மொழிபெயர்க்க ஆட்கள் எப்போதும் போதாது. மறுபக்கமாக, திருகோணமலையிலிருந்து வெளிநாடு போய்த் தொண்டு செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். இங்கே செஞ்சிலுவையில் சேர்ந்து அனுபவம் எடுத்து, ஐ.நா. தொண்டர் பட்டியலில் பதியுங்கள். சுனாமியையும் வெள்ளத்தையும் முகாமையும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள், உங்களுக்குச் சொல்லத் தெரிந்தது மற்ற நாட்டவருக்கும் வேண்டும்.

கடைசிப் படி, திரும்பிப் போகும்போது. செய்த வேலையின் கணக்கையும் படிவங்களின் பிரதியையும் உங்களை ஏற்ற அமைப்பிடமும் ஜீ.எஸ்.ஸிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். 2005இல் கிண்ணியாவில் ஒரு மீனவக் காக்காவின் பெயரை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டு, படகு எஞ்சின் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன். அதற்குப் பின் இரண்டு வருடம், சந்தையில் கண்ட இடமெல்லாம் காக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தத் தொரை கடிதம் ஏதும் போட்டாரா?" கடிதம் வரவில்லை. எஞ்சினும் வரவில்லை.