முதல் வெப்காமிக் தளம்: வரைவதற்கு முன் ஒரு வாரம் திட்டமிடுங்கள்

விடுமுறையிலோ கல்லூரி புராஜெக்ட்டுக்கோ சொந்தமாக ஒரு வெப்காமிக் தளம் தொடங்க நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். கதை, ஓவியம், வசனம், தள வடிவமைப்பு நான்கையும் ஒரே வேலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆர்வத்தில் முதல் நாளே தளத்தைத் திறந்துவிடாதீர்கள். கல்லூரியில் நான் அப்படித்தான் செய்தேன். ஏ4 தாளில் பக்கம் பக்கமாக வரைந்து ஏற்றினேன். போனில் பார்த்தால் எழுத்தே தெரியவில்லை. மூணாவது எபிசோடோடு கடையை மூடியாச்சு! அதனால், முதல் ஒரு வாரம் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கதைக்கு ஒரு முடிவு வையுங்கள்

நூறு பாகப் பெருங்கதை இப்போது வேண்டாம். 12 எபிசோடு, ஒவ்வொன்றிலும் 4 கட்டம், மொத்தம் 48 படம். இது ஒரு மாணவரால் முடிகிற அளவு. உதாரணத்துக்கு, டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போகும் மாணவி, கண்டக்டர், பூக்கூடைப் பாட்டி என்று மூன்றே பாத்திரங்கள். எபிசோடுக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். 12 வரி வரவில்லை என்றால், கதையை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கையிருப்பு முக்கியம்

முதலில் ஒரு எபிசோடை முழுசா வரைந்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியுங்கள். 6 மணி நேரம் ஆகிறது, உங்களுக்கு வாரத்தில் 4 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், வாரம் ஒன்று சரிப்படாது. 15 நாளுக்கு ஒன்று என்று வையுங்கள். 4 எபிசோடு கையில் இருக்கும்போது வெளியிடத் தொடங்கினால், பரீட்சை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் தளம் நிற்காது.

ஓவியம் சுமாராக வருகிறதே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவைச் சேர்ந்த ராண்டால் மன்ரோ 2005-ல் தொடங்கிய ‘எக்ஸ்கேசிடி’ காமிக்ஸில் வருபவர்கள் குச்சி மனிதர்கள்தான். எளிமையாக வரைந்தால் தொடர்ந்து வரைய முடியும்.

போனில் படிப்பவரை நினையுங்கள்

கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். படத்தின் அகலம் 800 பிக்சல் இருக்கட்டும். ஒரு கட்டம் 150 கேபி என்றால் ஒரு எபிசோடு 600 கேபி. 12 எபிசோடும் சேர்ந்தே சுமார் 7 எம்பிதான். போன் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றினால், ஒரு படமே 3, 4 எம்பி வரும். வாசகரின் டேட்டா வீணாகும்.

வரைவதற்கு ‘கிருதா’ மென்பொருள் இலவசம். வசனத்துக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’, ‘பாலூ தம்பி’ போன்ற இலவச எழுத்துருக்கள் உள்ளன. படத்துக்குக் கீழே வசனத்தைத் தனியாகவும் டைப் செய்துவிட்டால், பார்வை மாற்றுத்திறனாளிகளும் திரைவாசிப்பு ஆப் மூலம் கதையைக் கேட்கலாம்.

நான்கே பக்கம் போதும்

புதிய எபிசோடு வரும் முகப்பு, எல்லா எபிசோடுகளின் பட்டியல், பாத்திரங்கள், அறிமுகம். ஒவ்வொரு எபிசோடின் கீழும் ‘முதல்’, ‘முந்தையது’, ‘அடுத்தது’, ‘கடைசி’ என நான்கு பட்டன்கள். கோடிங் தெரியாதவர்கள் கூகுள் சைட்ஸ், பிளாகரில் இலவசமாகத் தொடங்கலாம். ஹெச்டிஎம்எல் பழக விரும்புபவர்களுக்கு கிட்ஹப் பேஜஸ் இருக்கிறது. ஒரிஜினல் படங்களை பென் டிரைவில் தனியாகச் சேமித்து வையுங்கள்.

எதைச் சொல்லக் கூடாது?

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். சொந்த அனுபவத்தை வரையும்போது நமக்கே தெரியாமல் பல விவரங்கள் வெளியே போய்விடும். நிஜமான பஸ் எண், ஏறும் ஸ்டாப், நேரம், யூனிஃபார்மில் பள்ளியின் பெயர். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாணவி தினமும் எங்கே நிற்பார் என்று முகம் தெரியாத ஒருவருக்கும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மாற்றி வரையுங்கள். அறிமுகப் பக்கத்தில் புனைபெயரும், தனியாகத் தொடங்கிய ஒரு மின்னஞ்சலும் போதும். செல்போன் எண் வேண்டாம். ஆசிரியரையோ நண்பரையோ அடையாளம் தெரியும்படி கிண்டல் செய்யவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அம்மா, அப்பாவிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ, 1930 சைபர் கிரைம் உதவி எண்ணையோ அழைக்கலாம்.

உங்கள் படம், உங்கள் உரிமை

1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக வரைந்த படத்துக்கு வரைந்த உடனே காப்புரிமை வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை. அதே சட்டம் மற்றவர்களுக்கும் பொருந்தும். பிரபல கார்ட்டூன் பாத்திரத்தை எடுத்து உங்கள் கதையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்று இரவே நோட்டை எடுத்து அந்த 12 வரிகளை எழுதத் தொடங்குங்கள். பன்னிரண்டாவது எபிசோடை வெளியிடும்போது, சொன்னபடி ஒரு வேலையை முடித்த திருப்தி கிடைக்கும். வாழ்த்துகள்!