பாடம் 9: ஒன்றை மூன்றாக்குவோம்

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு ஊர் என்பது பெரும்பாலும் கணினிக்குள்தான் இருக்கிறது. பாட்டியின் தாலாட்டு, சித்தப்பாவின் திருமணக் காணொலி, இன்று இல்லாத பழைய வீட்டின் ஒளிப்படம் ஆகிய அனைத்தும் ஒரு சிறிய வன்தட்டில் அடங்கியுள்ளன. அத்தட்டு ஒருநாள் இயங்காது நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? பழுதுற்ற தட்டிலிருந்து தரவுகளை மீட்பது பற்றியும், அவற்றை இழக்காமல் காப்பது பற்றியும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வன்தட்டு இயங்கும் முறை

பேச்சுவழக்கில் ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் வன்தட்டினுள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப்பூச்சு இருக்கும். தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அவற்றில் எழுதவும் படிக்கவும் உதவும் முனை தட்டைத் தொடாமல் மேலே மிதந்து செல்லும். அத்தொடா முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு சிறியது. ஆகவே, ஒரு தூசி நுழைந்தாலும், இயங்கும்போது தட்டு கீழே விழுந்தாலும், முனை தட்டில் உரசிக் காந்தப்பூச்சைச் சுரண்டிவிடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எவராலும் மீட்க இயலாது.

எல்லாப் பழுதும் இத்தகையது அன்று. கோப்பு ஒன்றை நாம் தவறுதலாக அழித்தால், கணினி பெரும்பாலும் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறதே தவிர, உள்ளடக்கத்தை உடனே துடைப்பதில்லை. புதிய தரவு அதே இடத்தில் எழுதப்படும்வரை பழையது மீட்கத்தக்கதாகவே இருக்கும். எனவே, அழிந்தது தெரிந்தவுடன் அத்தட்டைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். மீட்பு மென்பொருளையும் அதே தட்டில் நிறுவக் கூடாது. எனினும், இக்காலக் கணினிகளில் உள்ள சுழலாத திடநிலை வட்டுகள் அழிக்கப்பட்ட இடத்தைத் தாமே விரைவில் துடைத்துவிடுவதுண்டு. அவற்றில் மீட்பது அரிது.

தட்டிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஒலி எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவது போன்றது. வீட்டில் அதைத் திறந்து பார்க்கவும் கூடாது. வல்லுநர்கள் தூசியற்ற அறையில் அதைத் திறந்து, பழுதான பகுதிகளை மாற்றி, முதலில் முழுத் தட்டையும் படியெடுப்பர். பின்னர் அப்படியிலிருந்தே கோப்புகளைத் தேடுவர்.

வானிலிருந்து விழுந்த வன்தட்டு

2003 பிப்ரவரி 1 அன்று, விண்வெளி ஆய்வை முடித்துத் திரும்பிய கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்கு மேலே சிதறியது. அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். அதன் சிதைவுகளிடையே பின்னர் ஒரு வன்தட்டு கிடைத்தது. அது கருகி, நெகிழிப் பகுதிகள் உருகிய நிலையில் இருந்தது. செனான் வாயுவின் பாகுநிலையைப் பற்றி விண்வெளியில் செய்யப்பட்ட ஆய்வின் தரவுகள் அதில் இருந்தன. வல்லுநர்கள் உள்தட்டுகளைத் தூய்மைசெய்து, வேறொரு கருவியில் பொருத்திப் படித்தனர். ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு மீண்டது. அவ்வாய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின.

இது வியப்புக்குரிய வெற்றியே. ஆனால், அதே விண்ணோடத்தின் வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. அதே திறமை இருந்தும், அங்கே மீட்பதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. மீட்பு என்பது நற்பேற்றையும் சார்ந்தது. படியெடுத்து வைப்பதோ முழுவதும் நம் கையில் உள்ளது.

காப்புப்படி எடுக்கும் முறைகள்

புற வன்தட்டு மிகுதியான தரவைக் கொள்ளும். ஆனால், கணினியின் அருகிலேயே அதை வைத்திருந்தால் திருட்டும் தீயும் வெள்ளமும் இரண்டையும் ஒருங்கே கொண்டுசெல்லும். பென் டிரைவ் எடுத்துச் செல்ல எளிது, தொலைவதும் எளிது. இணையவழி மேகச் சேமிப்பு வேறிடத்தில் இருப்பதால் பாதுகாப்பானது. எனினும், கடவுச்சொல்லை மறந்தால் அக்கதவு நமக்கே அடைபடும். கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், ஒத்திசைவு காரணமாக மேகச் சேமிப்பிலும் அது அழிந்துவிடுவதுண்டு. ஆகவே, ஒத்திசைவு மட்டுமே காப்பு ஆகாது.

ஒரு முறையை மட்டும் நம்பாமல் இருக்கவே ‘3–2–1’ என்னும் விதி தோன்றியது. தரவுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும்.

படியெடுத்தால் மட்டும் போதாது. திறந்தும் பார்க்க வேண்டும். 1998இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டத் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அப்போது தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளை அப்படத்தின் கோப்புகளுள் பெரும்பகுதியை அழித்தது. காப்புப்படி சரியாகப் பதிவாகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய பெண் அலுவலர் ஒருவரின் கணினியில் மற்றொரு படி இருந்தது. அக்கணினியைப் போர்வையால் சுற்றி, மகிழுந்தில் கொண்டுவந்தனர். வேறிடத்தில் இருந்த அந்த ஒரு படியே படத்தைக் காத்தது.

தெரிந்து தெளிவோம்

பனையோலைச் சுவடிகளைச் செல் அரிக்கும். ஆகவே, நம் முன்னோர் பழைய ஏடு சிதையும்முன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். அவ்வாறு தொடர்ந்து படியெடுக்கப்பட்ட நூல்களே நம்மை வந்தடைந்தன. எட்டுத்தொகையுள் ஒன்றான பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாகவே எஞ்சியுள்ளன.

சொல்லும் பொருளும்

தரவு – பதிந்து வைக்கப்பட்ட செய்தி
படி – நகல்
விண்ணோடம் – விண்வெளிக்குச் சென்று திரும்பும் ஊர்தி
பாகுநிலை – பாய்பொருளின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை
செல் – கறையான்

இலக்கணக் குறிப்பு

வன்தட்டு – பண்புத்தொகை
சுழலாத வட்டு – எதிர்மறைப் பெயரெச்சம்
தொடா முனை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

மதிப்பீடு

1. பிரித்து எழுதுக: நெடுந்தொலைவு, பனையோலை.
2. தவறுதலாக அழித்த கோப்பை மீட்க இயல்வது எவ்வாறு?
3. ஒத்திசைவு மட்டுமே காப்பு ஆகாது என்பதற்குக் காரணம் தருக.
4. கொலம்பியா விண்ணோடத்தின் மூன்று வன்தட்டுகளும் நமக்கு உணர்த்துவது யாது?

கற்பவை கற்றபின்

ஊரில் உள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ தொலைபேசியில் பேசி, அவர்தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லச் செய்க. அவரது ஒப்புதலுடன் அதைப் பதிவுசெய்க. அப்பதிவை மூன்று இடங்களில் சேமித்து, அவ்விடங்களைக் குறிப்பேட்டில் எழுதுக. ஒரு மாதம் கழித்து மூன்று படிகளையும் திறந்து, குரல் தெளிவாகக் கேட்கிறதா எனச் சரிபார்க்க.